சங்கப் பதிவேடும் வலைத்தளமும்: உறுப்பினர் தளத்திற்கான உள்ளடக்க மேலாண்மை அமைப்புத் தேர்வு – தஞ்சைச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இலக்கியச் சங்கங்களும் ஆய்வு மன்றங்களும் தம் உறுப்பினர்க்கென வலைத்தளம் அமைக்கும்போது, எந்த உள்ளடக்க மேலாண்மை அமைப்பைத் தேர்வது என்னும் வினா பெரும்பாலும் தோற்றம், விலை, எளிமை ஆகிய மூன்றைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. ஒவ்வொரு மென்பொருளும் ‘உறுப்பினர்’ என்பவர் யார் என்பதற்கு ஒரு வரையறையைத் தன்னுள் கொண்டிருக்கிறது. அவ்வரையறை சங்கத்தின் விதிகள் கூறும் வரையறையோடு பொருந்துகிறதா என்பதே முதல் அளவுகோலாக வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. தஞ்சையின் சங்க மரபைப் பின்புலமாகக் கொண்டு வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபால், மீடியாவிக்கி, கோஸ்ட், சிவி சி.ஆர்.எம்., ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் ஆகியவை உறுப்பினரை எவ்வாறு கருதுகின்றன என்பது இங்கு ஆராயப்படுகிறது. பதிவேட்டையும் வலைத்தளத்தையும் தனித்தனியே பேணுதல், பூட்டை நூல்களுக்கு இடாமல் உறுப்பினர் விவரங்களுக்கு இடுதல் என்னும் இரண்டு முடிவுகள் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உறுப்பினர் பதிவேடு, உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, கரந்தைத் தமிழ்ச் சங்கம், அகரவரிசை, ஒருங்குறி, தரவுப் பாதுகாப்பு, தமிழ்க் கணிமை.

1. முன்னுரை

காவிரிப் படுகை நெல்லுக்குப் பெயர்பெற்றது போலவே தமிழ் நிறுவனங்களுக்கும் பெயர்பெற்றது. 1911ஆம் ஆண்டு தஞ்சையை அடுத்த கரந்தையில் த.வே. இராதாகிருட்டிணப் பிள்ளையின் முயற்சியால் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அவருடைய தமையனார் தமிழவேள் உமாமகேசுவரனார் அதன் முதல் தலைவராக விளங்கினார். 1925ஆம் ஆண்டு முதல் ‘தமிழ்ப்பொழில்’ இதழ் சங்கத்தின் குரலாக வெளிவந்தது. அரண்மனைச் சொத்தாக இருந்த சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இவற்றுள் சங்கம் என்பது தனிவகை. அரண்மனையோ அரசோ அதைத் தாங்குவதில்லை. சந்தா செலுத்தி, கூட்டத்திற்கு வந்து, தேர்தலில் வாக்களிக்கும் உறுப்பினரே அதைத் தாங்குகின்றனர்.

அத்தகைய அமைப்பு வலைத்தளம் அமைக்க முற்படும்போது எழும் சிக்கல் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் தோன்றுகிறது. எந்த மென்பொருள் எளியது, எந்த வார்ப்புரு அழகியது, ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்பனவே செயற்குழுவில் பேசப்படுகின்றன. இவ்வினாக்கள் தேவையானவையே. ஆயினும் இவற்றுக்கு முன் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இம்மென்பொருள் யாரை உறுப்பினர் என்று கருதுகிறது?

ஒரு படிவத்தில் எந்த விவரம் கட்டாயம், எது விருப்பம், எது இடமே பெறவில்லை என்பதை நோக்கினால் அப்படிவத்தை வகுத்தவரின் உலகப் பார்வை புலப்படும். அவ்வகையில் மென்பொருளையும் ஒரு பனுவலாக வாசிக்க இயலும். இக்கட்டுரை அவ்வாறே வாசிக்கிறது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் இங்கு உறுப்பினரால் இயங்கும் தமிழமைப்பின் முன்மாதிரியாகவே கொள்ளப்படுகிறது. எந்தவொரு சங்கத்தின் தற்போதைய வலைத்தளமும் மதிப்பிடப்படவில்லை.

2. உறுப்பினர்: சட்டமும் வழக்கும்

தமிழ்நாட்டில் பதிவு பெற்ற சங்கங்களை 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் நெறிப்படுத்துகிறது. உறுப்பினர் பதிவேடு பேணுதல் அச்சட்டப்படி சங்கத்தின் கடமை. பொதுக்குழுவில் அமரும் உரிமையும் வாக்குரிமையும் அப்பதிவேட்டிலிருந்தே பிறக்கின்றன. எனவே பதிவேட்டில் உள்ள பெயர் வெறும் முகவரிக் குறிப்பு ஆகாது. அது ஓர் உரிமையின் சான்று. தேர்தலில் வழக்கு எழுந்தால் முதலில் கேட்கப்படுவது அப்பதிவேடுதான்.

படுகை மக்களுக்கு இக்கருத்து புதிதன்று. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பங்குத்தொகை செலுத்திப் பயிர்க்கடன் பெறும் உழவர் ‘சங்க உறுப்பினர்’ என்னும் சொல்லின் பொருளை நன்கு அறிவர். அச்சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. நாடு முழுவதும் 63,000 சங்கங்களுக்கு 2,516 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட அத்திட்டத்தில் கணக்கும் பதிவேடும் ஒரே பொது மென்பொருளின்கீழ்க் கொணரப்படுகின்றன. வலைப்பக்கத்தின் அழகு அங்கு ஒரு பொருட்டே அன்று. இலக்கியச் சங்கங்களுக்கு அவ்வாறு மேலிருந்து முடிவு செய்து தருவார் எவரும் இலர். தேர்வின் பொறுப்பு முழுவதும் அவற்றின் செயற்குழுக்களையே சார்கிறது.

வழக்கை நோக்கினால் தமிழ்ச் சங்க உறுப்பினரிடையே பலவகையினர் உளர். ஒருமுறை பணம் செலுத்திய வாழ்நாள் உறுப்பினர், ஆண்டு உறுப்பினர், புரவலர், மதிப்புறு உறுப்பினர், நூலகத்தைப் பயன்படுத்த மட்டும் வருபவர் எனப் பலராவர். மின்னஞ்சல் முகவரியே இல்லாத மூத்த புலவர்கள் இருப்பர். பேரனின் கைப்பேசி எண்ணைத் தம் எண்ணாகத் தருவோர் இருப்பர். கணவனும் மனைவியும் ஒரே மின்னஞ்சலைப் பயன்படுத்துவர். மறைந்த பின்னும் சங்கத்தின் நினைவில் நிலைத்திருப்போர் உண்டு. இவர்கள் அனைவருக்கும் இடம் தரும் பதிவேடே சங்கத்திற்குரிய பதிவேடு.

3. மென்பொருள்கள் கருதும் உறுப்பினர்

3.1 வேர்ட்பிரஸ்

2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இன்று உலக வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கும் மேற்பட்டவற்றை இயக்குகிறது. தமிழில் தன்னார்வலர் உழைப்பால் 2013 முதல் இயங்கும் ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளமும் இதன்மேல் அமைந்ததே. எழுதுதலுக்கும் வெளியிடுதலுக்கும் இது ஏற்ற கருவி என்பதில் ஐயமில்லை. ஆயின் இதன் இயல்பான பயனர் வகைகள் மேலாளர், பதிப்பாசிரியர், ஆசிரியர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என ஐந்து. ஐந்தும் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தின் படிநிலையையே காட்டுகின்றன. வாக்குரிமை, சேர்ந்த நாள், சந்தா நிலுவை ஆகியவற்றுக்கு மூல அமைப்பில் இடமில்லை. அவை செருகுநிரல்கள்வழிச் சேர்க்கப்பட வேண்டியவை.

இன்னொரு கூறு சிந்தனைக்குரியது. மேலாண்மைப் பக்கத்தில் புதிய பயனரைச் சேர்க்க மின்னஞ்சல் கட்டாயம். ஒரே மின்னஞ்சலில் இருவர் பதிவுபெற இயலாது. ஒரு பயனரின் கணக்கை நீக்கும்போது, அவர் எழுதியவற்றை அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா என மென்பொருள் கேட்கிறது. மறைந்த உறுப்பினரின் கட்டுரைகளைப் பொறுத்தவரை இரண்டுமே தவறான விடைகள். கணக்கை நீக்காமல் விடுவதே ஒரே வழி. அவ்வாறு விட்டால் மறைந்தவரும் வாழ்பவரும் பயனர் பட்டியலில் வேறுபாடின்றி நிற்பர்.

3.2 ஜூம்லாவும் துருபாலும்

2005இல் மாம்போவிலிருந்து பிரிந்து தோன்றிய ஜூம்லா, 2011 முதல் தன் மூல அமைப்பிலேயே பயனர் குழுக்களையும் அணுக்க நிலைகளையும் விரிவாக வகுத்துக்கொள்ள இடந்தருகிறது. துருபாலும் அவ்வாறே, அதில் பொறுப்புகளையும் உரிமைகளையும் கட்டம் கட்டமாக வரையறுக்கலாம். சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நூலகப் பொறுப்பாளர் ஆகியோருக்கு வெவ்வேறு உரிமைகள் வழங்க இவை வேர்ட்பிரசைவிட ஏற்றவை. ஆயினும் இவை இரண்டும் உறுப்பினரை ‘அனுமதி பெற்றவர்’ என்றே அறிகின்றன. அவர் எந்தப் பக்கத்தைக் காணலாம், எதைத் திருத்தலாம் என்பது தெளிவாகும்; சங்கத்தோடு அவருக்கு உள்ள உறவின் வரலாறு தெளிவாகாது.

3.3 மீடியாவிக்கி

தமிழ் விக்கிப்பீடியாவையும், ஈழத்தின் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தையும் தாங்கும் மீடியாவிக்கியில் உறுப்பினர் என்பவர் தொகுப்பவர். ஒவ்வொரு திருத்தமும் நாளும் பெயரும் இட்டுச் சேமிக்கப்படும். மின்னஞ்சல் தருவது பயனரின் விருப்பம். கூட்டுழைப்புக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பைக் காண்பது அரிது. ஆனால் தனிப்பக்கங்களை மறைத்துவைக்கும் நோக்கில் இது உருவாக்கப்படவில்லை என அதன் ஆவணமே எச்சரிக்கிறது. உறுப்பினரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இதில் இடுவது பொருத்தமற்ற செயல்.

3.4 கோஸ்ட்

2013இல் தோன்றிய கோஸ்ட், 2019இல் வெளியான தன் மூன்றாம் பதிப்பிலேயே உறுப்பினர் வசதியை மூல அமைப்பில் சேர்த்துக்கொண்டது. ‘உறுப்பினர் தளம்’ என்று தேடுவோர்க்கு இதுவே முதலில் கண்ணில் படுவதும் உண்டு. இங்கு உறுப்பினர் என்பவர் மின்னஞ்சல் வழியே மடல் பெறும் வாசகர். பணம் செலுத்தினால் கூடுதலாகப் படிக்கலாம். மின்னஞ்சல் இல்லையேல் உறுப்பினர் இல்லை. தனி எழுத்தாளர் ஒருவர் தம் வாசகரோடு உறவு கொள்ள இது சிறந்தது. வாக்களிக்கும் உறுப்பினரைக் கொண்ட சங்கத்திற்கு இதன் வரையறை மிகக் குறுகியது.

3.5 சிவி சி.ஆர்.எம்.

இது தனி உள்ளடக்க மேலாண்மை அமைப்பாகப் பயன்படுத்தப்படுவதைவிட, துருபால், ஜூம்லா, வேர்ட்பிரஸ் ஆகியவற்றோடு இணைத்தே பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. 2005 முதல் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென வளர்க்கப்பட்டு வரும் கட்டற்ற மென்பொருள். இதன் அடிப்படை அலகு பயனர் கணக்கு அன்று, ‘தொடர்பு’ எனப்படும் மனிதர். பெயர் இருந்தால் மின்னஞ்சல் இன்றியும் ஒருவரைப் பதியலாம். அவர் செலுத்திய தொகை, கலந்துகொண்ட கூட்டம், வகித்த பொறுப்பு ஆகியன அவர் பெயரின்கீழ்ச் சேரும். உறுப்பினர் நிலைகளில் புதியவர், நடப்பு, சலுகைக் காலம், காலாவதி என்பவற்றோடு ‘மறைந்தவர்’ என்னும் நிலையும் இயல்பாகவே அமைந்துள்ளது. ஆராயப்பட்டவற்றுள் இறப்பை உறுப்பினர் நிலையாகவே ஏற்று, அழிக்காமல் பதிந்துவைக்கும் அமைப்பு இதுவே.

இதன் குறையும் சிறிதன்று. கற்பதற்குக் காலம் வேண்டும். வழங்கியில் நிறுவிப் பேணத் தொழில்நுட்பம் அறிந்தவர் வேண்டும். ஒருவர் மட்டும் அறிந்து, அவர் ஊர் மாறிச் சென்றால் முழுமையாகச் செயலற்றுப்போகும் அளவுக்கு இது பெரியது.

3.6 ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்

2001இல் முதன்முதலாக வெளியிடப்பட்டு, இன்று மதிப்பீட்டு ஆய்விதழ்கள் பலவும் பயன்படுத்தும் இம்மென்பொருளில் தனியர் சந்தா, நிறுவனச் சந்தா, குறிப்பிட்ட காலத்திற்குப் பின் கட்டுரையைத் திறந்துவிடுதல் ஆகிய வசதிகள் உள்ளன. ‘தமிழ்ப்பொழில்’ போன்று நெடுங்காலம் வெளிவரும் இதழைத் தொகுதி, பகுதி, கட்டுரை என வரிசைப்படுத்தி வைக்க இது இயல்பாகப் பொருந்தும். ஆனால் இதில் உறுப்பினர் என்பவர் ஆசிரியர், மதிப்பீட்டாளர், சந்தாதாரர் ஆகிய இதழ்சார் பொறுப்புகளுக்குள் அடங்கிவிடுகிறார்.

4. தமிழ்ப் பெயரும் அகரவரிசையும்

மென்பொருளின் வரையறை தமிழரின் பெயரில் உடனடியாக உரசுகிறது. தமிழ்ப் பெயரில் தந்தை, ஊர் ஆகியவற்றின் தலைப்பெழுத்து முன்னே நிற்கும்; குடும்பப் பெயர் என ஒன்று பெரும்பாலும் இல்லை. ‘த.வே. உமாமகேசுவரனார்’ என்னும் பெயரில் முதற்பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று கேட்டால் விடையில்லை. வேர்ட்பிரஸ் பயனர் விவரத்தில் இவ்விரு கட்டங்களும் தனித்தனியே உள்ளன. சிவி சி.ஆர்.எம். இயல்புநிலையில் கடைசிப் பெயரை முன்னிட்டே பட்டியலை வரிசைப்படுத்துகிறது. அமைப்பில் அதை மாற்றிக்கொள்ள இயலும். ஜூம்லாவும் கோஸ்டும் பெயருக்கு ஒரே கட்டம் தருகின்றன. ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் 2019இல் வெளியான 3.1.2ஆம் பதிப்பு முதல் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்குவதில்லை. ஒருவர் பெயரைப் பல மொழிகளில் இடவும் அனுமதிக்கிறது. இக்கூறில் அதுவே தமிழுக்கு நெருக்கமானது.

பயனர்பெயரிலும் வேறுபாடு உண்டு. மீடியாவிக்கியில் தமிழெழுத்திலேயே பயனர்பெயர் அமைக்கலாம். வேர்ட்பிரஸ் பதிவுப் படிவம் இயல்புநிலையில் தமிழெழுத்துப் பயனர்பெயரை ஏற்பதில்லை. காட்சிப் பெயரை மட்டுமே தமிழில் வைக்கலாம். தூய தமிழ் இயக்கத்தோடு பிணைந்த வரலாறு உடைய ஒரு சங்கத்தின் உறுப்பினர், தம் சங்கத்தின் தளத்தில் நுழைவதற்கு இலத்தீன் எழுத்தை நாட வேண்டியிருப்பது சிறிய முரண் எனத் தள்ளத்தக்கதன்று.

பக்க முகவரியிலும் இச்சிக்கல் தொடர்கிறது. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து உருவாக்கும் முகவரித் துண்டுக்கு 200 குறிகளே எல்லை. ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. முகவரியில் மாற்றி எழுதும்போது அது ஒன்பது குறிகளாகும். ‘கரந்தைத் தமிழ்ச் சங்கம்’ என்னும் தொடரில் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் உட்பட 21 குறிகள். அவை 189 ஆகி, இரண்டு இடைக்கோடுகளோடு 191ஐ எட்டுகின்றன. அடுத்த சொல்லின் முதலெழுத்துக்குக்கூட இடமில்லை. சங்கத்தின் பெயரில் தொடங்கும் எல்லாக் கட்டுரைகளும் ஒரே முகவரியாக வெட்டுண்டு, கடைசியில் எண் சேர்த்தே வேறுபடுத்தப்படும். கட்டுரை எண்ணையே முகவரியாக அமைத்தல் இதற்குரிய எளிய தீர்வு. தளத்தைத் தொடங்கும் நாளிலேயே இது முடிவு செய்யப்பட வேண்டும்.

பதிவேட்டுக்கு உயிரானது அகரவரிசை. ஒருங்குறி எண்ணின்படி மட்டும் வரிசைப்படுத்தினால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கும். புள்ளி பெற்ற மெய் உயிர்மெய்க்குப் பின்னே செல்லும். கண்ணன், கணபதி, கந்தசாமி, கபிலன், கமலா, கனகசபை என்பது மரபு வரிசை. எண் வரிசையில் அது கணபதி, கண்ணன், கந்தசாமி, கனகசபை, கபிலன், கமலா என மாறிவிடுகிறது. ஒருங்குறி அமைப்பின் சி.எல்.டி.ஆர். தரவில் தமிழ் வரிசைக்கான விதி உள்ளது. தேர்ந்தெடுக்கும் அமைப்பின் தரவுத்தளம் அவ்விதியைப் பின்பற்றுகிறதா என்பதை இவ்வாறு பெயர்களை இட்டுச் சோதித்தறியலாம்.

தேடலிலும் இத்தகைய இடர் உண்டு. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். இரு குறிகளை அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவை கணினிக்கு வேறானவை. மீடியாவிக்கி உள்வரும் எழுத்தை ஒருமைப்படுத்தியே சேமிக்கிறது. பிறவற்றில் இதைச் சோதித்தே ஏற்க வேண்டும். ‘இராமன்’, ‘ராமன்’ என எழுத்து வழக்கால் வேறுபடும் பெயர்களை எந்த மென்பொருளும் தானே இணைத்துத் தராது. அதைப் பதிவேட்டைப் பேணுபவரே மாற்றுவடிவமாகக் குறித்தல் வேண்டும்.

5. பூட்டு எதற்கு?

உறுப்பினர் தளம் என்றவுடன் ‘உறுப்பினர்க்கு மட்டும்’ என்னும் பூட்டே நினைவுக்கு வருகிறது. சங்கம் பதிப்பித்த நூல்களையும் இதழ்களையும் கடவுச்சொல்லுக்குப் பின் வைத்தால் சந்தா பெருகும் என்னும் எதிர்பார்ப்பு அதன் பின்னணியில் உள்ளது. இவ்வெதிர்பார்ப்பை இரு நிலைகளில் மறுக்கலாம்.

முதலாவது, தொழில்நுட்ப நிலை. வேர்ட்பிரசில் உறுப்பினர்க்கான செருகுநிரல்கள் பொதுவாகப் பக்கத்தைத்தான் மறைக்கின்றன. பதிவேற்றிய கோப்பு பொது அடைவிலேயே கிடக்கிறது. கூடுதல் ஏற்பாடு செய்யாவிடில், அதன் முகவரியை அறிந்த எவரும் அதைத் திறக்கலாம். பூட்டியிருப்பதாகச் சங்கம் நம்பும். உண்மையில் கதவு சாத்தப்பட்டிருக்கும், பூட்டப்பட்டிராது.

இரண்டாவது, நோக்கம் பற்றியது. சரசுவதி மகாலின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பர்னல் தொகுத்த வடமொழிச் சுவடிகளின் அட்டவணை 1880இல் வெளிவந்தபோது அந்நூலகம் இன்னும் அரண்மனையின் உடைமை. 1918இல் அது பொதுமக்களுக்குரியதாயிற்று. உடைமையிலிருந்து பொதுமைக்கு நகர்ந்ததாலேயே அதன் சுவடிகள் பதிப்புகளாகவும் ஆய்வுகளாகவும் வளர்ந்தன. மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது முதல் எவ்விதப் பூட்டுமின்றி இலக்கியங்களை வழங்கி வருகிறது. 2005 முதல் ‘நூலகம்’ ஈழத்து ஆவணங்களை அவ்வாறே வழங்குகிறது. இவற்றில் ஒருவர் பங்காளியாவது படிக்கும் உரிமையை விலைக்குப் பெறுவதால் அன்று. தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வருடியும் உழைப்பைத் தருவதால். தமிழ் வளர்ப்பதையே குறிக்கோளாகக் கொண்ட சங்கம் தன் பதிப்புகளைப் பூட்டுவது அக்குறிக்கோளுக்கே எதிரானது.

இதற்கு மறுப்பும் உண்டு. அச்சு இதழின் சந்தாவே பல சங்கங்களின் நிலையான வருவாய். புதிய இதழை உடனே திறந்துவிட்டால் அது குறையும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. குறிப்பிட்ட காலம் உறுப்பினர்க்கு மட்டும் வைத்துப் பின்னர் அனைவர்க்கும் திறக்கும் முறை இதற்கு நடுவழியாகும். ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் அதைத் தானே செய்கிறது.

உண்மையில் பூட்ட வேண்டியது ஒன்று உள்ளது: உறுப்பினரின் முகவரி, தொலைபேசி எண், பிறந்த நாள், பண விவரம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைச் சேகரிப்போர்க்கு இசைவு பெறுதல், குறித்த நோக்கத்திற்கே பயன்படுத்துதல், பாதுகாத்தல் ஆகிய கடமைகளை விதிக்கிறது. தாளில் எழுதிய பதிவேடு அலமாரியில் இருந்தவரை அதைக் காண ஒருவர் நேரில் வர வேண்டியிருந்தது. வலைத்தளத்தில் வைத்த பதிவேட்டுக்கு அந்தத் தடை இல்லை. நூல்களைப் பூட்டி விவரங்களைத் திறந்து வைக்கும் தலைகீழ் நிலையைத் தவிர்ப்பதே தேர்வின் முதற்பயன்.

6. சந்தா

உறுப்பினர் செருகுநிரல்களும் கோஸ்டும் தொடர்பற்று வசூலை மையமாகக் கொண்டவை. கோஸ்ட் ஸ்ட்ரைப் வழியாகவே சந்தா பெறுகிறது. அந்நிறுவனம் 2024 முதல் இந்தியாவில் புதிய வணிகர்களை அழைப்பின் பேரில் மட்டுமே ஏற்கிறது. மேலும் 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானியங்கிப் பிடித்தத்திற்கு முன் வாடிக்கையாளர்க்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சிறு தொகை பெறும் சங்கத்திற்கு இவ்வேற்பாடு மிகையானது. யு.பி.ஐ. குறியீட்டுப் படம் ஒன்றும், தொடர் எண்ணிட்ட பற்றுச்சீட்டும், வங்கி அறிக்கையோடு ஒப்பிடும் பொருளாளரும் போதும்.

காலக்கெடுவின் தன்மையும் கருதத்தக்கது. செருகுநிரல் குறித்த நாளில் கணக்கை மூடிவிடும். சம்பா அறுவடை முடிந்து கையில் பணம் வந்த பின்னரே சந்தா செலுத்தும் உழவர் குடும்பத்து உறுப்பினரைச் சங்கம் அவ்வாறு நீக்குவதில்லை. நிலுவை என எழுதிக் காத்திருக்கும். சலுகைக் காலத்தைத் தனி நிலையாக ஏற்கும் அமைப்பே இவ்வழக்கத்தைப் புரிந்துகொண்ட அமைப்பாகும்.

7. வெளியேறும் வழி

நூறாண்டைக் கடந்த சங்கம் தேர்ந்தெடுக்கும் கருவிகளின் வாழ்நாள் மிகக் குறுகியது. 2011இல் வெளிவந்த துருபால் ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. அடுத்த தலைமுறைப் பதிப்புக்கு மாறுவது வெறும் புதுப்பித்தலாக அமையவில்லை; தளத்தையே மறுபடி கட்டி உள்ளடக்கத்தைப் பெயர்த்துக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2024இல் வேர்ட்பிரஸ் உலகில் எழுந்த பூசலில், பெரிதும் பயன்பட்ட செருகுநிரல் ஒன்று அதன் உருவாக்குநரின் கையிலிருந்து எடுக்கப்பட்டு வேறு பெயரில் வழங்கப்பட்டது. செருகுநிரலை நம்பி உறுப்பினர் பதிவேட்டை அமைத்தோர் கவனிக்க வேண்டிய நிகழ்வு இது. செருகுநிரலை நிறுத்தினால் அது இட்ட குறுங்குறிகள் கட்டுரையின் நடுவே வெற்றெழுத்துகளாக நிற்கும். அது மறைத்திருந்த பக்கங்கள் திறந்துகொள்ளும். யாகூ குழுக்கள் மூடப்பட்டபோது, அங்குக் கூடியிருந்த தமிழ்க் குழுக்களுள் படியெடுத்து வைக்காதவை தம் உரையாடல்களையும் உறுப்பினர் பட்டியலையும் இழந்தன.

எனவே ‘எவ்வாறு தொடங்குவது’ என்பதோடு ‘எவ்வாறு வெளியேறுவது’ என்பதும் தேர்வின்போதே கேட்கப்பட வேண்டும். உறுப்பினர் விவரம் முழுவதையும் எளிய அட்டவணைக் கோப்பாகவும், கட்டுரைகளைத் தமிழ் ஒருங்குறியில் படிக்கத்தக்க கோப்பாகவும் வெளியே எடுக்க இயலுமா? அக்கோப்பைக் கொண்டு வேறோர் அமைப்பில் மீண்டும் கட்ட இயலுமா? நிறுவனப் பெயரில் உள்ளதா, தன்னார்வலர் ஒருவரின் தனிப்பெயரில் உள்ளதா என்பது தளப்பெயர், வழங்கிக் கணக்கு ஆகியவற்றிலும் பார்க்கத்தக்கது.

இயற்கையும் இவ்வினாவை எழுப்புகிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியம் அருகே கரையேறிய கஜா புயலால் படுகையின் பல ஊர்கள் நெடுநாள் மின்சாரமின்றி இருந்தன. அலுவலகக் கணினி ஒன்றிலேயே அனைத்தையும் வைப்பதும் இடர். வெளிநாட்டு வழங்கியில் மட்டும் வைத்து, படி ஏதுமின்றி இருப்பதும் இடர். ஆண்டுதோறும் பொதுக்குழுவுக்கு முன் பதிவேட்டைத் தாளில் அச்சிட்டுச் செயலாளர் கையொப்பமிட்டு வைப்பது பழைய வழக்கம். அதுவே இன்றும் செலவு குறைந்த காப்புப்படியாகும்.

8. தேர்வு

மேற்கண்ட ஆய்விலிருந்து அளவுக்கேற்ற தேர்வு ஒன்றை வகுக்கலாம். சில நூறு உறுப்பினரைக் கொண்ட சங்கத்திற்கு உறுப்பினர் செருகுநிரல் தேவையில்லை. பதிவேடு தனி அட்டவணைக் கோப்பாகக் கடவுச்சொல்லுடன் இருவர் பொறுப்பில் இருக்கட்டும். வலைத்தளம் செருகுநிரல் குறைந்த எளிய வேர்ட்பிரசாக, அனைவர்க்கும் திறந்திருக்கட்டும். இதழ் நடத்தும் சங்கம் இதழை மட்டும் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்சில் அமைக்கலாம். பழைய ஆவணங்களைப் பலர் கூடித் தொகுக்கும் பணிக்கு மீடியாவிக்கி ஏற்றது. கிளைகள் பலவும் உறுப்பினர் ஆயிரக்கணக்கிலும் உள்ள அமைப்பு, பேணுவதற்குக் குறைந்தது இருவரைப் பயிற்றிய பின்னரே துருபாலையோ வேர்ட்பிரசையோ சிவி சி.ஆர்.எம்.உடன் இணைத்துத் தேர்தல் நன்று. எந்நிலையிலும் பதிவேடும் பதிப்புகளும் ஒரே பூட்டின்கீழ் வைக்கப்படலாகா.

இறுதி முடிவுக்கு முன் பத்துப் பெயர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்யலாம். அவருள் ஒருவர் மின்னஞ்சல் இல்லாதவர், இருவர் ஒரே தொலைபேசி எண்ணைப் பகிர்வோர், ஒருவர் வாழ்நாள் உறுப்பினர், ஒருவர் நிலுவை வைத்தவர், ஒருவர் மறைந்தவர், எஞ்சியோர் முன்னர்க் காட்டிய கண்ணன் முதல் கனகசபை வரையிலான பெயர்களுள் சிலவற்றை உடையோர். இப்பத்துப் பேரையும் சேர்த்து, வரிசைப்படுத்தி, வெளியே எடுத்து, வேறு கணினியில் மீண்டும் ஏற்றிப் பார்த்தால், விளம்பரங்களும் ஒப்பீட்டுப் பட்டியல்களும் சொல்லாதவை ஒரு பிற்பகலில் விளங்கும்.

9. முடிவுரை

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு நடுநிலையான கருவியன்று. வேர்ட்பிரஸ் உறுப்பினரை எழுதுவோர் வரிசையில் வைக்கிறது, மீடியாவிக்கி தொகுப்பவராகக் காண்கிறது, கோஸ்ட் பணம் செலுத்தும் வாசகராக்குகிறது, துருபாலும் ஜூம்லாவும் அனுமதியாளராக்குகின்றன, சிவி சி.ஆர்.எம். மட்டும் வரலாறு உடைய மனிதராக ஏற்கிறது, அதற்கான உழைப்பையும் கேட்கிறது. சங்கம் தன் விதிகளில் எழுதிவைத்த உறுப்பினரை முதலில் படித்துப் பின்னர் மென்பொருளைத் தேடினால், தேர்வு எளிதாகும். விதிகளைப் படிக்காமல் மென்பொருளை நிறுவினால், நாளடைவில் அதன் படிவமே சங்கத்தின் விதியாகிவிடும். மின்னஞ்சல் இல்லாத ஒரு புலவர் தம் வாக்குரிமையை இழப்பது அவ்வாறுதான் நிகழும், எவரும் தீர்மானிக்காமலே.